தீ மூட்டினவரின் பொறுப்பு



மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னிகைகளைக் குறித்து நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். புத்தியுள்ள ஐவரும் விளக்குக்கான எண்ணெயைத் தனிப் பாத்திரங்களில் எடுத்துச் சென்றார்கள். அந்நாட்களில் விளக்குக்கு வார்த்தது பெரும்பாலும் ஒலிவ எண்ணெய். அந்தப் பாத்திரத்துக்குள் எரிகிற குச்சியொன்று விழுந்தாலும் குச்சிதான் அணைந்துபோகும். திரி உறிஞ்சிக் கொடுத்தால்தான் அது எரியும். நம் வீட்டு நல்லெண்ணெயும் அப்படியே. எரிந்துகொண்டிருக்கும் விளக்கில் அச்சமின்றி எண்ணெய் வார்த்துப் பழகிய கைகள் நம்முடையவை. அதே கை, அதே பழக்கத்தோடு, பெட்ரோல் கேனைத் தூக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

வாராந்தரத் தியானத்துக்கு இது ஒரு பொருளா என்று சிலர் எண்ணலாம். தீக்காயப் பிரிவில் கொசுவலைக்குள் படுத்திருப்பவரின் அருகே நின்று ஜெபித்திருக்கிற எந்தப் போதகரும் அப்படி எண்ணமாட்டார்.

எரிவது திரவமல்ல, அதன் ஆவி. பெட்ரோல் ஏறக்குறைய மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடுகிறது. வளவனூரின் மார்கழிக் குளிர் அதற்கு ஒரு குளிரே அல்ல. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகையால் அது மேலெழும்பிக் கலைந்துபோகாமல், சிந்திய தண்ணீரைப் போலத் தரையோடு தவழ்ந்து சென்று பள்ளமான இடங்களில் தேங்குகிறது. திண்ணையில் திறந்து வைத்த கேனின் ஆவி, வாசற்படி தாண்டி அடுப்பங்கரைவரை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அங்கே பற்றின தீ, வந்த வழியே கேனுக்குத் திரும்பும். "அடுப்பு எங்கேயோ இருந்தது ஐயா, நான் தள்ளி நின்றுதான் ஊற்றினேன்" என்று துக்க வீடுகளில் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வது உண்மைதான். கண்ணுக்குத் தெரிந்த தூரத்தை மட்டும் அவர்கள் அளந்திருந்தார்கள்.

மண்ணெண்ணெய் அப்படிப்பட்டதல்ல, 35 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதன் ஆவி எளிதில் பற்றும். அதனால்தான் அது நமக்குப் பொய்யான தைரியத்தைத் தருகிறது. சித்திரை வெயிலில் அந்த 35 டிகிரியை நம் ஊர் காலையிலேயே கடந்துவிடுகிறது. மண்ணெண்ணெயில் சிறிதளவு பெட்ரோல் கலந்துவிட்டாலோ, ஸ்டவ்வில் இருப்பது மண்ணெண்ணெயே அல்ல.

2017 ஜூன் 25 அன்று, ரம்ஜான் பெருநாளுக்கு முந்தின நாள், பாகிஸ்தானின் அகமத்பூர் ஷர்கியா அருகே நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் டேங்கர் லாரி கவிழ்ந்தது. சுற்றிலுமிருந்த கிராமத்தார் குடங்களோடும் பாட்டில்களோடும் ஓடிவந்து பெட்ரோலை அள்ளினார்கள். தீப்பற்றியதில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இதைப் பேராசைக்கு வந்த தண்டனையாகப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு குடம் பெட்ரோல் சில நாள் கூலிக்குச் சமமாகிற வீடுகள் அவை. சிந்திக் கிடந்ததை அவர்கள் எண்ணெய் என்று நினைத்தார்கள். விழுப்புரம், திண்டிவனம் வழியே இரவும் பகலும் டேங்கர் லாரிகள் ஓடுகின்றன. அப்படியொன்று கவிழ்ந்தால் நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே: காற்று வீசும் திசைக்கு எதிராக விலகிப் போய், தொலைவிலிருந்து 112-க்குச் சொல்லுங்கள்.

யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய சட்டம் உண்டு. ஒருவன் மூட்டின தீ முட்செடிகளுக்குப் பரவி, அடுத்தவனுடைய கதிரையோ வயலையோ எரித்துவிட்டால், மூட்டினவன் ஈடு கொடுக்கவேண்டும். அவன் நோக்கம் என்ன, அன்று காற்று எப்படி வீசியது என்றெல்லாம் அந்தச் சட்டம் விசாரிப்பதில்லை. தீயைத் தொடங்கினவர் யார் என்று மட்டுமே கேட்கிறது. தானியத்துக்குத் தானியம் கொடுத்துவிடலாம். பிள்ளையின் தோலுக்கு எதைக் கொடுப்பது?

கரும்பு வெட்டு முடிந்ததும் சோகையை எரிக்கிறவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும். பெட்ரோல் தெளித்துவிட்டுக் குனிந்து தீக்குச்சி கிழிக்கிறவர், தம்மைச் சுற்றி ஏற்கெனவே ஆவி நிரம்பிய இடத்தின் நடுவில் நிற்கிறார். எரிகிற நெருப்பின்மேல் கேனிலிருந்து ஊற்றினால், தீ அந்தத் தாரையைப் பற்றிக்கொண்டு கேனுக்குள்ளேயே வந்துவிடும். குப்பைக்கும் சோகைக்கும் பெட்ரோல் தேவையே இல்லை.

புதுச்சேரியில் விலை குறைவு என்பதால் அங்கிருந்து தண்ணீர் பாட்டில்களில் பெட்ரோல் வாங்கி வருகிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், உரிமமின்றிச் சிறிதளவு பெட்ரோல் வைத்திருப்பவர் அதைக் கண்ணாடி, பீங்கான், உலோகம் ஆகிய மூன்றில் ஒன்றாலான பாத்திரத்தில் இறுக மூடி வைக்கவேண்டும் என்கிறது. கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் தாகத்தோடு வருகிற குழந்தையும் இருக்கிறது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

பெட்ரோல் தீயின்மேல் தண்ணீரை வீசாதீர்கள். பெட்ரோல் தண்ணீரின்மேல் மிதந்து தீயையும் உடன் கொண்டுபோகும். மணலைப் போடுங்கள், அல்லது உலர்பொடித் தீயணைப்பானைப் பயன்படுத்துங்கள். உடையில் தீப்பற்றினவர் ஓடக்கூடாது. தரையில் படுத்து உருளவேண்டும், அல்லது கனத்த பருத்திப் போர்வையால் அவரைப் பொதியவேண்டும். தீ அணைந்தபின், வெந்த இடத்தில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பற்பசை, இங்க், மாவு எதையும் பூசாதீர்கள். 108-ஐ அழைத்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தபின், மின்சாரமில்லாத நாட்களில் ஜெனரேட்டரின் அருமையை நாம் அறிந்தோம். ஓடுகிற ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றக்கூடாது. நிறுத்தினவுடனும் ஊற்றக்கூடாது, அதன் புகைக்குழாய் வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குள்ளும் அதை ஓட்டாதீர்கள். அதன் புகையே உயிரைக் கொல்லும்.

வரும் அறுப்பின் பண்டிகைக்கு ஜெனரேட்டர் பந்தலுக்குள் இராது. ஆலய மதிலோரம், திறந்தவெளியில் நிற்கும். வாலிபர் சங்கத்தார் இருவர் மணல் வாளிகளோடு அருகில் இருப்பார்கள். சமையல் கொட்டகை எதிர்மூலையில் அமையும். ஆராதனை தொடங்குவதற்கு வெகு முன்னரே டேங்க் நிரப்பப்பட்டு, மீதிக் கேன் வளாகத்துக்கு வெளியே போய்விடும். இடையில் பெட்ரோல் தீர்ந்தால், இயந்திரம் ஆறும்வரை மைக் இல்லாமலே பாடுவோம்.