இறகில் ஒரு துளி

நுழையும்முன்

ஒரு கைவினையைக் கற்பவர் அதனுடன் வேறு சிலவற்றையும் சேர்த்தே கற்கிறார். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்கும் நீலகிரியின் குளிர்ந்த ஓடைக்கும் இடையே ஓர் இறகு மேற்கொண்ட பயணத்தை இத்தன்னனுபவக் கட்டுரை விவரிக்கிறது.

எங்கள் ஊர் விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் அதன் பழைய அடையாளங்கள்; பீங்கான் பின்னர் வந்து சேர்ந்த அடையாளம். என் இளமைக் காலத்தில் இங்குள்ள சூளைகளிலிருந்து மின்சாரப் பியூஸ் கேரியர்களும் பொம்மைகளும் வைக்கோல் சுற்றிய பெட்டிகளில் வெளியூர் சென்றவண்ணம் இருந்தன. என் தந்தையார் ஒரு பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுபவர். தூரிகை பொம்மையைத் தொடும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அருகில் நிற்கும் நானும் என்னையறியாமல் மூச்சை அடக்குவேன்.

எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடுகள் தள்ளிப் பெரியப்பா இருந்தார். உதகையில் ஒரு விடுதியில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவர். பாகப்பிரிவினையில் எழுந்த பிணக்கால் அண்ணனும் தம்பியும் ஏழு ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை. நான் மட்டும் அங்குப் போய்வருவேன். தந்தையார் என்னைத் தடுத்ததில்லை. அங்கு நடந்ததை ஒருநாளும் கேட்டதுமில்லை.

பெரியப்பாவிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதில் கொக்கிகள், பட்டுநூல், மெழுகு, சேவல் இறகுகள் ஆகியன இருந்தன. விடுதிக்கு மீன்பிடிக்க வந்தவர்களிடம் அவர் கற்றுக்கொண்ட தொழில் அது. எங்கள் ஆற்றில் கெண்டைக்கு மண்புழு, விராலுக்கு உயிர்த்தவளை. நீலகிரியின் ட்ரவுட் மீனுக்கோ பூச்சியைப்போல் தோன்றும் ஒரு பொய்ப்பூச்சி வேண்டும். அதை அவர் 'ஈ' என்றே சொல்வார்.

அம்மீன் நம் மண்ணுக்கு உரியதன்று. வானவில் ட்ரவுட்டின் தாயகம் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி. 1863-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்று தோல்வியுற்றார். பின்னர் எச்.சி.வில்சன் என்பவரின் முயற்சி வெற்றி பெற்றது. அவலாஞ்சியில் 1907-ஆம் ஆண்டில் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. குளிர்ந்த, ஓடுகின்ற, தெளிந்த நீரே இம்மீனுக்கு ஏற்றது. நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மிதந்துவரும் பூச்சிகளை உண்பது அதன் இயல்பு.

பெரியப்பா ஈ கட்டுவதைப் பலநாள் பார்த்திருக்கிறேன். கொக்கியைச் சிறிய பிடிப்பானில் பொருத்துவார். மெழுகு தடவிய நூலைத் தண்டில் நெருக்கமாகச் சுற்றுவார். வாலுக்குச் சில இழைகள். உடலுக்குக் கம்பளி நூல். கழுத்தில் சேவலின் பிடரி இறகைச் சுற்றினால் அதன் இழைகள் கால்களைப்போல் விரிந்து நிற்கும். இறுதியில் நூலின் நுனியை அதன் சுற்றுகளுக்கு அடியிலேயே செலுத்தி இழுப்பார். முடிச்சு வெளியே தெரியாது. விறைப்பான இறகு கட்டிய ஈ நீரின்மேல் மிதக்கும்; மென்மையான இறகு கட்டியது மூழ்கும். ஈக்கு எடையே இல்லை. ஆகவே கனமான கயிற்றை வீசவேண்டும், ஈ அதன் பின்னே செல்லும் என்பார். கடல்மீனுக்கும் இவ்வாறு கட்டுவோர் உலகில் உண்டு. உப்புநீரில் எளிதில் துருப்பிடிக்காத கொக்கியில், சிறுமீனையும் இறாலையும் போல அவற்றைக் கட்டுவர்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, உதகையிலிருந்த பழைய நண்பர் ஒருவர் பன்னிரண்டு ஈக்கள் கேட்டு எழுதியிருந்தார். ஒவ்வொன்றிலும் இருபுறமும் 'கண்' வேண்டும் என்பது அவர் விருப்பம். சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில் அரக்குத் துளியைப்போன்ற பளபளப்பான புள்ளிகள் உண்டு. தூண்டிலில் அவை சிறுமீனின் கண்ணைப்போல் தோன்றும். விக்டோரியா அரசியார் காலத்துப் பிரிட்டனில் சால்மன் மீனுக்குக் கட்டிய தூண்டில்கள் பலவற்றை நம் நாட்டின் இவ்விறகே அணிசெய்தது. அதற்காகக் கொல்லப்பட்ட பறவைகள் மிகப்பல. 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதனை வேட்டையாடுவது குற்றமாயிற்று. பெரியப்பாவிடம் இருந்த பழைய இறகுகளும் தீர்ந்துவிட்டன.

அவரை மகிழ்விக்க எண்ணினேன். உண்டியலில் சேர்த்த காசைக் கொடுத்து, சந்தையில் ஒருவரிடம் காட்டுக்கோழியின் கழுத்துத்தோல் ஒன்றை வாங்கிவந்தேன். பெரியப்பா அதை நெடுநேரம் பார்த்தார்.

"இது தானாகச் செத்ததா, இதற்காகக் கொன்றார்களா?"

"நான் கேட்கவில்லை, பெரியப்பா."

"கேட்டிருக்க வேண்டும், தம்பி."

அவர் குரல் உயரவில்லை. முருங்கை மரத்தடியில் குழிதோண்டி அதைப் புதைத்தார். அழுதுகொண்டு நின்ற என்னிடம், "மீனுக்கு ஒரு கண் தெரிந்தால் போதும்; காட்டுக்கோழியின் இறகுதான் வேண்டும் என்று அது கேட்கவில்லை" என்றார்.

கண் என்ற சொல் என்னை விட்டு அகலவில்லை. மறுநாள் சில கறுப்புச் சேவல் இறகுகளுடன் தந்தையாரின் முன் போய் நின்றேன்.

"யார் கொடுத்தது?"

"பெரியப்பா. ஆனால் உங்களிடம் கொடுக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் கொண்டுவந்தேன்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஓர் இறகை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சூளையில் சுடவேண்டிய வண்ணம் இறகுக்கு ஆகாது என்று கூறி, எனாமல் வண்ணத்தை எடுத்தார். முதலிரண்டு இறகுகள் சுருண்டுபோயின. மூன்றாவதற்கு முதலில் வார்னிஷ் பூசி உலரவைத்தார். பின்னர் மூச்சை அடக்கி, இளமஞ்சள் நிறத்தில் ஒரு துளி வைத்தார்.

"அளவு சரியா என்று கேட்டு வா."

ஏழு ஆண்டுகளில் அண்ணனுக்குத் தம்பி அனுப்பிய முதல் சொல் அது. பெரியப்பா அவ்விறகைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "துளி சற்றுப் பெரிது என்று சொல்" என்றார். நான் ஓடினேன். துளி சிறுத்தது. மீண்டும் ஓடினேன்.

மூன்றாம் நாள் மாலை இருபத்துநான்கு இறகுகளும் ஆயத்தமாயின. அன்று தந்தையார் என்னை அனுப்பவில்லை. தாமே எடுத்துச்சென்று திண்ணையருகே நின்றார்.

"வா" என்றார் பெரியப்பா.

"காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொள், அண்ணே" என்றார் தந்தையார்.

அன்று பாகப்பிரிவினையைப் பற்றி இருவரும் பேசவில்லை. வழக்கு அதன் போக்கில் நடந்து முடிந்தது. வீடும் இரண்டாகப் பிரிந்தது. ஆனால் அந்தத் திண்ணையில் மாலைதோறும் இருவர் அமர்ந்திருந்தனர். பெரியப்பாவின் கண்ணொளி குறைந்தபின் தந்தையார் நூலைப் பிடிக்க, பெரியப்பா விரலால் தடவியே முடிச்சிட்டார்.

ஆசிரியப் பணியில் சேர்ந்தபின் மாணவர்களுடன் ஒருமுறை நீலகிரிக்குச் சென்றிருந்தேன். ஓர் ஓடையில் நீரோட்டத்தை எதிர்நோக்கி ஒரு ட்ரவுட் அசையாமல் நிற்பதைக் கண்டேன். என் சட்டைப்பையில் ஒரு சிறு தீப்பெட்டி இருந்தது. அதனுள் அவ்விருவரும் சேர்ந்து செய்த முதல் ஈ. உதகைக்கு அனுப்பாமல் எனக்கென நிறுத்திக்கொண்டது. மாணவன் ஒருவன் அதை வாங்கிப் பார்த்து, "ஐயா, கண் கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே" என்றான்.

பெரிதுதான். முதல் நாள் எழுதிய இறகு அது.