துறைமுகம் வருமாம்

ஜனவரி 6, காட்டுப்பள்ளி

இத்தாலிய மொழிப் படிப்பில் பி2 என்று ஒரு படி இருக்கிறது. ஐரோப்பிய கவுன்சில் 2001ல் வெளியிட்ட சட்டகம் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரித்தது; அதில் இது நான்காவது. சீயேனா பல்கலைக்கழகத்தின் சில்ஸ் தேர்வில் இந்தப் படிக்கு 'இரண்டு' என்று பெயர், பெருஜாவின் செலி தேர்வில் 'மூன்று' என்று பெயர். ஒரே படிக்கு ஊருக்கு ஓர் எண். இத்தாலிக்குப் போய் அந்த மொழியிலேயே பட்டம் படிக்க விரும்புகிறவரிடம் பெரும்பாலும் கேட்கப்படுவது இந்தச் சான்றிதழ்தான். கீழே உள்ள மூன்று படிகளில் காபி கேட்கலாம், வழி கேட்கலாம், போன வருஷம் என்ன செய்தோம் என்று சொல்லலாம். நாலாவது படியில் அடுத்தவர் பேச்சை எடுத்துச் சொல்ல வேண்டும், நடக்காததை நடந்ததாக வைத்து வாதாட வேண்டும், தான் நம்பாத செய்தியை நம்பாமலே சொல்லத் தெரிய வேண்டும். தமிழ் மாணவனுக்கு இந்த இடத்தில் கால் இடறினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இத்தாலியம் அல்ல, நடுவில் நிற்கும் ஆங்கிலம். பல்கலைக்கழக வகுப்பில் இந்தப் படியைத் தமிழிலிருந்து நேராக ஏற முடியும், ஏறுவதுதான் சுலபம் என்பது என் கட்சி.

சான்றுக்குத் தொலைவு போக வேண்டாம். மேற்கே பக்கிங்காம் கால்வாய், கிழக்கே வங்கக் கடல், வடக்கே பழவேற்காட்டு ஏரி என்று தண்ணீருக்கு நடுவில் கிடக்கும் இந்த மணல் திட்டில் அடிபடும் ஒரு வாக்கியம் போதும்: 'துறைமுகத்தை இன்னும் பெருசாக்கப் போறாங்களாம்.' 2018ல் எல் அண்ட் டி நிறுவனத்திடமிருந்து அதானி குழுமத்தின் கைக்கு மாறிய துறைமுகம் இது. அதை 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியில் வைத்திருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கவில்லை. 2023 செப்டம்பரில் வைத்ததும் தள்ளிப்போனது. இப்படி வருவதும் போவதுமான ஒன்றைப் பேசத் தமிழில் ஓர் 'ஆம்' இருக்கிறது. 'போறாங்க' என்றால் சொல்கிறவர் அதற்குப் பொறுப்பு. 'போறாங்களாம்' என்றால் பொறுப்பு வேறு யாருடையதோ. இதே செய்தியை எழுதும் இத்தாலியப் பத்திரிகைக்காரர் வினையைக் 'கொந்திட்சியோனாலே' என்ற வடிவத்துக்கு மாற்றுவார்: இல் போர்த்தோ வெர்ரெப்பே அம்ப்லியாதோ. அந்த 'வெர்ரெப்பே'யின் வால் நம் 'ஆம்' பார்க்கும் வேலையைத்தான் பார்க்கிறது. செய்தி என்னுடையதல்ல, கேட்டதைச் சொல்கிறேன் என்று கையை விலக்கிக்கொள்கிறது. ஆங்கிலம் வழியாக வந்த மாணவன் அங்கே 'வுட்' என்ற சொல்லைத்தான் பார்க்கிறான். 'வுட்' வந்தால் 'இஃப்' வர வேண்டுமே என்று நிபந்தனையைத் தேடி வாக்கியத்தின் அடுத்த பாதிக்காகக் காத்திருக்கிறான். அந்தப் பாதி வரவே வராது.

ஜனவரி 9

ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு கோட்டை கட்டுகிறாய் என்று யாரும் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். இன்னொன்று பார்ப்போம்: திஸ்ஸே கே சரெப்பே வெனூதோ. 'வருவதாகச் சொன்னான்' என்பது பொருள். பி2 பாடத்தில் கண்டிப்பாக வரும் அமைப்பு இது. சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் 'வுட் ஹாவ் கம்' என்று வந்து நிற்கும். ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் ஆள் வரவில்லை என்று ஆகிவிடும். இத்தாலியம் அதைச் சொல்லவில்லை. வந்தானா வரவில்லையா என்பதை வாக்கியம் திறந்தே விட்டிருக்கிறது. தமிழில் 'வருவதாக' என்பதும் அப்படித்தான். 'வருவதாகச் சொன்னான், வந்தான்' என்றும் முடிக்கலாம், 'வருவதாகச் சொன்னான், ஆளையே காணோம்' என்றும் முடிக்கலாம். இரண்டு மொழிகளும் திறந்து வைத்த கதவை இடையில் வந்த மொழி சாத்திவிட்டுப் போகிறது.

'ஆம்' வெறும் கேள்விப்பட்ட செய்திக்கு மட்டும் உரியதல்ல, நக்கலுக்கும் அதுதான். 'இதுதான் தீர்வாம்!' என்று நீட்டிச் சொன்னால் யாரும் அதைச் செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இத்தாலியரும் இதே வடிவத்தால்தான் கிண்டல் செய்கிறார்கள்: க்வெஸ்தா சரெப்பே லா சொலுட்சியோனே? கேள்விப்பட்டது, ஏற்காதது, ஏளனம் ஆகிய மூன்றும் இரண்டு மொழியிலும் ஒரே விகுதிக்குள் குடியிருக்கின்றன. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று தனி வழி வேண்டும். அதனால்தான் ஆங்கில வழிப் பாடநூலில் இவை மூன்று தனி விதிகளாக நிற்கும்.

ஒப்புமை முழுமையானதல்ல என்பதையும் எழுதி வைக்கிறேன். 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்' என்று கதை தொடங்கும் 'ஆம்' இத்தாலியத்தில் கொந்திட்சியோனாலேயாக வராது. அங்கே கதைக்குச் சாதாரண இறந்தகாலம் போதும். கொஞ்சுந்தீவோ என்ற இன்னொரு வினைவடிவத்துக்குத் தமிழ் கைகொடுக்காது. 'தெரியும்' என்றால் ஒரு வினைவடிவம், 'நினைக்கிறேன்' என்றால் இன்னொன்று என்று இத்தாலியம் பிரிக்கிறது. நாம் இரண்டுக்கும் 'என்று' போட்டு முடித்துவிடுகிறோம். அதை அடி முதல் கற்கத்தான் வேண்டும். கடல் ஆண்பால், அலை பெண்பால், மீன் ஆண்பால், வலை பெண்பால் என்பதையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ஆனால் இந்த இரண்டிலும் ஆங்கிலம் தெரிந்தவனுக்கும் பெரிய சலுகை எதுவும் இல்லை.

ஜனவரி 15

பொங்கல் நாளுக்குச் சின்னக் குறிப்பு. எனக்கு மீன் பிடிக்கும்: மி பியாச்சே இல் பேஷே. இரண்டிலும் 'நான்' எழுவாய் அல்ல, நாலாம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். பாலா என்றால் மண்வெட்டி, பால்லா என்றால் பந்து. படு, பட்டு என்று வளர்ந்த காதுக்கு ஒற்று இரட்டிப்பதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஜனவரி 20

லுதோவிகோ தி வார்த்தேமா, போலோஞாக்காரர். 1510ல் ரோமில் அச்சான அவருடைய பயண நூலில் பழவேற்காடு வருகிறது. இலங்கையிலிருந்தும் பெகுவிலிருந்தும் ரத்தினக் கற்கள் வந்து இறங்கும் பெரிய சந்தை என்கிறார். முஸ்லிம் வணிகர் ஒருவர் வீட்டில் தங்கியதாகவும், விற்பதற்குப் பவளம், குங்குமப்பூ, வெல்வெட், கத்திகள் வைத்திருந்ததாகவும் எழுதுகிறார். டச்சுக்காரர்கள் 1613ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையை எழுப்புவதற்கு ஒரு நூறாண்டு முந்தைய சித்திரம் இது. 1863ல் லண்டனில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்தப் பகுதியைப் படித்தால் ஓர் இடத்தில் தடுக்கும். இந்த நாட்டில் தானியம் விளையாது என்று வரும். கையோடு அரிசி ஏராளம் என்று வரும். அரிசி தானியம் இல்லையா? இத்தாலிய மூலத்தில் இருப்பது 'க்ரானோ'. இத்தாலியனுக்கு அது முதலில் கோதுமை. ரொட்டி தின்று வளர்ந்தவன் கோதுமை இல்லாத ஊரைப் பார்த்து, இங்கே கோதுமை இல்லை, அரிசிதான் என்று எழுதியிருக்கிறான். முரண் எதுவும் இல்லை. தமிழில் 'சோறு இல்லாத ஊர்' என்று சொன்னால் அங்கே சாப்பாடே கிடையாது என்று எடுத்துக்கொள்வோமா?

வார்த்தேமா உண்மையிலேயே கிழக்குக் கரைக்கு வந்தாரா, மேற்குக் கரையில் கேட்டதைத் தொகுத்தாரா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. அவர் தன் நூலில் உறுதியான இறந்தகாலத்தில், வந்தோம் தங்கினோம் என்றே எழுதுகிறார். அதைச் சந்தேகிக்கும் இத்தாலிய ஆய்வாளர் 'சரெப்பே அர்ரிவாதோ' என்று ஒரே வினையில் தன் ஐயத்தை வைத்துவிட முடியும். தமிழில் 'வார்த்தேமா பழவேற்காட்டுக்கு வந்தாராம்' என்று நாமும் வைத்துவிடலாம். மூலத்தின் உறுதியையும் ஆய்வாளரின் ஐயத்தையும் இப்படிப் பிரித்துக் கேட்கத் தெரிவதைத்தான் பி2 என்கிறார்கள்.

ஜனவரி 24

தடைகள் சில. நவீனப் பாடநூல்கள் இத்தாலியத்தை இத்தாலியத்தாலேயே கற்பிக்கின்றன, பாலமே வேண்டாம் என்கிறார்கள். பாலம் பலகையில் இல்லாவிட்டாலும் மாணவன் தலையில் இருக்கிறது. இந்தியாவில் அயல்மொழி வகுப்புக்கு வருகிறவன் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலத்தோடு வருகிறான். அவன் ஏற்கெனவே படித்த அயல்மொழி அதுதான் என்பதால் இன்னோர் அயல்மொழி என்றதும் மனசு அந்த அறைக்குள் போய்விடுகிறது. வேறு அறை இருக்கிறது என்று ஆசிரியர்தான் கதவைக் காட்ட வேண்டும்.

பல்கலைக்கழக வகுப்பில் தமிழர் மட்டுமா இருப்பார்கள் என்பது இதைவிட வலுவான தடை. தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஜெர்மானிய, ரொமான்ஸ் மொழித் துறையிலும் இத்தாலியம் இருக்கிறது. அங்கே தமிழில் விளக்க முடியாது. ஆனால் ஏரியின் பெரும்பகுதி கிடக்கும் ஆந்திரப் பக்கம் போனால் 'வஸ்தாடட' என்பார்கள், வருவானாம். கன்னடத்தில் 'பர்தானந்தெ', மலையாளத்தில் 'வருமத்ரே'. நாலு மொழிக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், உங்கள் ஊரில் வதந்தியை எப்படிச் சொல்வீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இயந்திரம் மொழிபெயர்த்துத் தருமே என்பவர்களுக்குப் பதில் சுருக்கம்: தமிழுக்கும் இத்தாலியத்துக்கும் இடையே ஓடும் இயந்திரங்கள் பலவும் ஆங்கிலத்தைத் தொட்டுக்கொண்டுதான் ஓடிவந்திருக்கின்றன. நான் சொல்லும் கோளாறை அவை வேகமாகச் செய்கின்றன.

என்ன பயன் என்ற கேள்வியில் நான் வாயை அதிகம் திறக்கப் போவதில்லை. உலகின் மிகப் பெரிய கண்டெய்னர் கப்பல் நிறுவனமான எம்எஸ்சி-யை 1970ல் தொடங்கியவர் ஓர் இத்தாலியர் என்பதால் துறைமுகப் பக்கத்துப் பையனுக்கு இத்தாலியம் சோறு போடும் என்று சொல்வது பொய். கப்பலில் ஓடுவது ஆங்கிலம். வேலைக்காக என்றால் ஜெர்மனும் ஜப்பானியமும் முன்னால் நிற்கும். நான் சொல்வது கற்க முடிவு செய்துவிட்டவருக்கு எந்த வழி நேர்வழி என்பதைப் பற்றித்தான்.

ஜனவரி 29

வீரமாமுனிவரை வைத்து என்னை மடக்கலாம். கான்ஸ்டன்ஸோ பெஸ்கி என்ற அவர் இத்தாலியர். ஆனால் ஐரோப்பியருக்குத் தமிழ் இலக்கணம் எழுதியபோது இத்தாலியத்தில் எழுதவில்லை, லத்தீனில் எழுதினார். 1728ல் கொடுந்தமிழுக்கு ஒன்று, 1730ல் செந்தமிழுக்கு ஒன்று. முதல் நூலைப் பத்தாண்டு கழித்துத் தரங்கம்பாடியில் அச்சிட்டவர்கள் அவருடைய எதிர்முகாமான லூத்தரன் மிஷன்காரர்கள் என்பது தனி வேடிக்கை. அவரே ஒரு பொது மொழியைப் பாலமாக வைத்துக்கொண்டார், நாம் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டால் என்ன குறை? பாலம் கூடாது என்பதல்ல என் வாதம். பாலத்தின் மரம் எது என்பதுதான். லத்தீனில் வேற்றுமை உண்டு, வினைவிகுதியில் இடம் காட்டுவது உண்டு, 'வருவதாகச் சொன்னான்' என்பதற்கு நேரான அமைப்பும் உண்டு. அவருக்கு வாய்த்த பாலம் இரண்டு கரையையும் தொட்டது. அதோடு, பேச்சுத்தமிழ் கற்றவனுக்கு ஏட்டுத்தமிழ் தானாக வந்துவிடாது என்று பார்த்து அவர் இரண்டு நூலாகப் பிரித்ததையும் கவனிக்க வேண்டும். இத்தாலியத்திலும் மேல்படி என்பது இதுதான். வடக்கே பேச்சில் அனேகமாக மறைந்துவிட்ட 'பஸ்ஸாதோ ரெமோதோ' என்ற இறந்தகாலம் கதையிலும் வரலாற்று நூலிலும் உயிரோடு இருக்கிறது. 'வந்துச்சு' என்று பேசி 'வந்தது' என்று எழுதுகிற ஆளுக்கு இதில் அதிர்ச்சி என்ன இருக்கிறது?

பிப்ரவரி 3

கடைசியாக ஏரிக்கு வருகிறேன். ஆங்கிலத்தின் 'லகூன்' வெனிஸ்காரர்களின் 'லகூனா'விலிருந்து போனது. சுமார் 550 சதுர கிலோமீட்டர் பரந்த வெனிஸ் காயல் கடலோடு சேரும் மூன்று இடங்களுக்கு இத்தாலியத்தில் 'போக்கா தி போர்த்தோ' என்று பெயர். போக்கா என்றால் வாய். ஆங்கிலப் பொறியியல் நூலின் 'இன்லெட்'டில் வாயும் இல்லை முகமும் இல்லை. நம்முடைய முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபடும்போது வாயடைத்துப் போவதாகவே எவருக்கும் படும். 'வல்லே' என்ற சொல்லை அகராதியில் பார்த்தால் பள்ளத்தாக்கு. வெனிஸ் காயலிலும் கொமாக்கியோவிலும் அது மீன் வளர்க்க அடைத்த நீர்ப்பரப்பு. 1960களில் எண்ணெய்க் கப்பல்கள் மார்கேரா துறைமுகத்துக்குப் போக வெனிஸ் காயலின் ஊடே ஒரு கால்வாயை வெட்டினார்கள். காயலின் நடுப்பகுதி அரிக்கப்பட்டதில் அந்தக் கால்வாய்க்கு உள்ள பங்கு பற்றி அரை நூற்றாண்டாக எழுதப்பட்டிருக்கிறது, அதில் பெரும்பகுதி இத்தாலியத்தில். 1966 நவம்பர் 4ல் தண்ணீர் 194 சென்டிமீட்டர் உயர்ந்தது, 1973ல் வெனிஸுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அந்த மணலும் அலையும் வேறு, நம் மணலும் அலையும் வேறு. அங்கே நடந்தது இங்கேயும் நடக்கும் என்று எழுதினால் என் பேச்சுக்கும் ஓர் 'ஆம்' சேர்க்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த வாதங்களில் எது நிறுவப்பட்டது, எது கேள்விப்பட்டது என்று பிரிக்க, நான் சொன்ன அந்த வினைவிகுதியின் மேல் கண் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

எதிர்த்திசையில் ஒரு பயிற்சி தரலாம் என்று தோன்றுகிறது: 'பாடு' என்பதை இத்தாலியத்தில் எழுதுக. பழவேற்காட்டில் சில மீனவ ஊர்கள் ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்துக்கு அதுதான் பெயர். 'தூர்னோ' என்றால் முறை வரும், தண்ணீர் வராது. 'போஸ்தா' என்றால் மீன்பிடிக்கும் இடம் வரும், ஆனால் முறை போய்விடும், போதாததற்குத் தபாலாபீஸ் வேறு வந்து நிற்கும். ஓரத்தில் இரண்டையும் எழுதி, இரண்டையும் அடித்து வைத்திருக்கிறேன்.