அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய குதிரை



எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரன் என் பழைய மாணவன். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் போன வருசம் ஒரு குதிரை வாங்கினான். போன வாரம் அதற்கு முன்னங்கால் முட்டி வீங்கி நொண்ட ஆரம்பித்துவிட்டது. கால்நடை டாக்டர் வந்தார். நானும் போய் நின்றேன்.

மூட்டுக்குள்ளேயே ஊசி போட வேண்டுமாம். அந்த நேரம் குதிரை காலை உதறினால் ஊசி உள்ளே முறியலாம், அதனால் முதலில் மயக்க மருந்து. மயக்கம் என்றதும் கீழே சாய்ந்துவிடும் என்று நினைத்தேன். இல்லை, நின்றபடியே தலை தொங்கி, கீழுதடு தளர்ந்து, அரைத்தூக்கத்தில் நிற்கும். அந்த நிலையிலும் உதைக்குமாம். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

மருந்தை எடுக்கும் முன் டாக்டர் கேட்டார்: "இப்ப வேற மருந்து ஏதாச்சும் போகுதுங்களா? முன்னால எந்த ஊசியாவது ஒத்துக்காம போயிருக்குதுங்களா?"

"தெரியலீங்க."

பல்லைப் பார்த்து வயசு கணித்து, சுழி பார்த்து வாங்கியவன் இதைக் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பேன்!

டாக்டர் பொறுமையாக விளக்கினார். டெட்டோமிடின் என்ற மயக்க மருந்து போட்ட குதிரைக்கு, சல்ஃபா கலந்த ஊசியை ரத்தக் குழாயில் போட்டால் இதயத் துடிப்பு தடுமாறி உயிரே போகலாம். (எங்கள் வீட்டுக்காரருக்கும் சல்ஃபா ஆகாது. சீட்டு எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.)

விற்றவருக்குப் போன் போட்டோம். மூன்றாவது தடவைதான் எடுத்தார். "ஆமாங்க, ஒருக்கா பென்சிலின் போட்டப்ப கழுத்தெல்லாம் தட்டுத்தட்டா வீங்கிப்போச்சுங்க. தானா வடிஞ்சிருச்சு, அதான் சொல்லலீங்க."

தானாக வடிந்தது அந்த முறை. அடுத்த முறை மூச்சுக்குழாய் வீங்கிச் சில நிமிடத்தில் விழுந்துவிடலாம் என்றார் டாக்டர். கையில் எடுத்திருந்த பென்சிலினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேறு மருந்து எடுத்தார்.

ஊசி போட்டு முடிந்ததும் இவன் பாசத்தில் கொள்ளை நீட்டினான். மயக்கம் முழுதாகத் தெளியும் வரை தீனியே கூடாதாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். குடலும் அப்போது மந்தமாக இருக்கும்.

வீக்கம் பாதி குறைந்திருக்கிறது. நேற்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். 'பென்சிளின் ஆகாது' என்று எழுதியிருந்தான். திருத்தி அனுப்பினேன்.