ரிங்குக்குள் போகும் முன்

தென்னிந்திய கென்னல் கிளப்பின் நாய்க் கண்காட்சிக்காக ஊட்டி அரசு கலைக் கல்லூரி மைதானத்துக்குப் போயிருந்தேன். கூட்டமெல்லாம் ரிங்கைச் சுற்றி நின்றது. நான் நேரே பின்பக்கக் கூடாரங்களுக்குப் போனேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் வேலை கற்பது அங்கேதான்.

ப்ளோயர்கள் இரைந்துகொண்டிருந்தன. மடக்கு மேசை ஒன்றில் ஒரு ஷிட்சு ஒருக்களித்துப் படுத்திருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, 19 வயது, அதன் முடியில் வகிடெடுத்து அடித்தோலிலிருந்து நுனிவரை பிரஷ்ஷை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வகிடு. கண்டிஷனர் கலந்த தண்ணீரைத் தெளித்த பிறகே பிரஷ் படுகிறது. “காஞ்ச முடியில இழுத்தா ஒடிஞ்சிருமுங்க” என்றாள், கையை நிறுத்தாமல்.

பிளஸ் டூ முடித்ததும் கோவையில் ஒரு க்ரூமிங் கடையில் சேர்ந்திருக்கிறாள். முதலில் மற்றவர்கள் வேலை செய்யும்போது நாயைப் பிடித்துக்கொள்வது மட்டும். பிறகு குளியல், உலர்த்தல், காது, நகம். கத்தரி கைக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனதாம். நாய் குளிப்பாட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் இந்த மேசையருகே வந்து நிற்க வேண்டும். வெள்ளை நகத்தில் ரத்தக்குழாய் வெளியே தெரியும். கறுப்பு நகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, வெட்டுமுகத்தின் நடுவில் புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். கம்பிமுடி டெரியருக்கு மெஷின் போட்டால் முடி மெத்தென்றாகி நிறம் வெளுக்கும். முதிர்ந்த முடியை விரலால் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். வெயில் தாங்காது என்று ஹஸ்கியை மொட்டையடிக்கச் சொல்பவர்களிடம், அந்த இரட்டை முடிதான் வெயில் தோலில் படாமல் காக்கிறது என்று பொறுமையாக எடுத்துச் சொல்லவும் தெரிய வேண்டும். கை, கண், நாக்கு மூன்றுக்கும் வேலை வைக்கும் படிப்பு இது. இதை எடுபிடி வேலை என்று ஒதுக்குவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

நெற்றி முடியைக் குடுமியாக்கி ரப்பர் பேண்ட் போட்டாள். சென்னைக்காரர் ஒருவரின் நாய் அது. ரிங்கில் லீஷ் பிடிக்கும் ஹேண்ட்லர் இவள். சின்ன நாய் என்பதால் நடுவர் மேசைமேல் நிறுத்தியே பல்வரிசை, தோள், முதுகு எல்லாம் தொட்டுப் பார்த்தார். பிறகு நடை: நேராகப் போய்த் திரும்பி வருவது, முக்கோணமாக ஒரு சுற்று. நடுவருக்கும் நாய்க்கும் குறுக்கே ஹேண்ட்லர் வந்துவிடக் கூடாது. திருப்பத்தில் லீஷ் எப்போது கை மாறியது என்று நான் கவனிக்கவே இல்லை. காலையெல்லாம் செய்த வேலைக்கு ரிங்கில் கிடைத்தது சில நிமிடங்கள். மூன்றாம் இடம்.

அடுத்து ராஜபாளையம் நாய்கள். 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு நாட்டு இனங்களில் ஒன்று. குட்டை முடி, ஈரத்துணியால் துடைத்தால் போதும், சீவி மறைக்க ஒன்றுமில்லை. அந்நியரை எளிதில் அண்டவிடாத இனம். நடுவர் உதட்டை விலக்கிப் பல் பார்க்கும்வரை அசையாமல் நிற்பதற்குக் குட்டியிலிருந்தே பழக்க வேண்டும். அவளும் கம்பியோரம் வந்து நின்றாள்.

“இதுல கத்தரிக்கு வேலையே இல்லீங்க. பழக்குனவங்க கைதான் எல்லாம். அடுத்து இதத்தான் பிடிக்கோணும்.”

சுதேசி நாய்க்கு இப்படி ஒரு கை தேவைப்படுகிறது. குட்டியை வாங்கிக் கட்டிப்போடுவதோடு நிறுத்திக்கொள்பவர்களே நம்மிடம் அதிகம்.

மேசைக்குத் திரும்பியபோது, குடும்பத்தோடு கண்காட்சி பார்க்க வந்த ஒருவர் போனை நீட்டினார். அவர் வீட்டு ஷிட்சுவின் படம். காதுக்குப் பின்னால் முடி கெட்டிப்பட்டுக் கிடந்தது. ஊருக்குப் போனதும் நன்றாகக் குளிப்பாட்டிவிடலாமா என்றார்.

“வேண்டாங்கண்ணா, தண்ணி பட்டா சிக்கு இன்னும் இறுகிரும். மொதல்ல விரல்லயே கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சு விடுங்க. தோலோட ஒட்டியிருந்தா இழுக்காதீங்க, கடைக்குக் கூட்டிட்டுப் போயிருங்க” என்று சொல்லிக்கொண்டே, ஷிட்சுவின் குடுமி ரப்பர் பேண்டை இழுக்காமல் வெட்டி எடுத்தாள்.