பூட்டில்லாப் பட்டறை

2007ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்திலிருந்த ஒளிநகல் கடை ஒன்றுக்குப் படியெடுப்பதற்காகத் தடித்த தாள்கட்டு ஒன்று வந்து சேர்ந்தது. மொத்தம் 780 பக்கங்கள். பக்கந்தோறும் வரைபடங்கள், அளவுகள், எண்கள். அவை பெராரி நிறுவனத்தின் பந்தயக் காரைப் பற்றியவை என்பதைக் கண்டுகொண்ட கடைப் பணியாளர், ஐயுற்று அந்நிறுவனத்துக்கே செய்தி அனுப்பினார். அதன்பின் நடந்த விசாரணையில், அத்தாள்கள் போட்டி அணியான மெக்லாரனின் தலைமை வடிவமைப்பாளர் ஒருவர் வீட்டுக்குச் சென்றிருந்தது தெரியவந்தது. உலக மோட்டார் விளையாட்டு மன்றம் மெக்லாரன் அணிக்குப் பத்துக் கோடி டாலர் தண்டம் விதித்தது. தயாரிப்பாளர்களுக்கான போட்டியில் அவ்வாண்டு அவ்வணி ஈட்டிய புள்ளிகள் அனைத்தும் நீக்கப்பட்டன.

780 தாள்களுக்குப் பத்துக் கோடி டாலர்! பந்தய உலகில் ஒரு வரைபடம் எத்துணை விலைமதிப்புடையது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. ஒரு சுற்றில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலும் வெற்றி தோல்வி மாறிவிடும் விளையாட்டு அது. ஆதலால் பட்டறைகள் பூட்டப்படுகின்றன. கார்கள் துணியால் மூடப்படுகின்றன. ஒளிப்படக் கருவியுடன் எவரேனும் அணுகினால், பணியாளர்கள் காரின் பின்புறத்தை மறைத்து வரிசையாக நின்றுகொள்கின்றனர். மருந்தின் செய்முறையைத் தலைமகனுக்கு மட்டும் காதோடு சொல்லிவிட்டுக் கண்மூடிய நாட்டு மருத்துவர்களை நம்மூரிலும் பலர் அறிவர். மறைத்து வைத்ததில் மருந்தின் ஆற்றல் மட்டுமா காக்கப்பட்டது? அதன் பிழையும் உடன் காக்கப்பட்டது. பிறர் காணாத பிழையைத் திருத்துவார் யார்?

அதே இங்கிலாந்தில், அந்நிகழ்ச்சிக்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்னர், இதற்கு நேர்மாறான செயல் ஒன்று நிகழ்ந்திருந்தது. ஔண்டில் என்னும் ஊரிலுள்ள பள்ளியில் ஆசிரியராக இருந்த ரான் சாம்பியன், 1996இல் நூலொன்றை எழுதினார். ஹேன்ஸ் பதிப்பகம் அதனை வெளியிட்டது. ஏறத்தாழ 250 பவுண்டுச் செலவில் விரைவுக் கார் ஒன்றை ஒருவர் தாமே கட்டிக்கொள்ளலாம் என்பதே அந்நூலின் தலைப்பு கூறிய செய்தி. அத்தொகைக்குள் கட்டி முடித்தவர் மிகச் சிலரே. ஆயினும் அத்தலைப்பு பலரை இரும்புக்கடை வரை நடக்க வைத்தது என்பதில் ஐயமில்லை.

நூல் சொன்ன வழி எளியது. பழுதடைந்த பழைய போர்டு எஸ்கார்ட் கார் ஒன்றை வாங்க வேண்டும். அதன் எஞ்சின், கியர்ப்பெட்டி, பின் அச்சு ஆகியவற்றைக் கழற்றிக்கொள்ள வேண்டும். அவற்றைத் தாங்கும் சட்டகத்தைத் தம் கையாலேயே கட்ட வேண்டும். சட்டகத்துக்கு வேண்டியவை ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் அளவுள்ள சதுர எஃகுக் குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் எழுத்தும் எண்ணும் இட்டு, அதன் நீளமும், முனையை வெட்ட வேண்டிய கோணமும் நூலில் தரப்பட்டிருந்தன. சமமான பலகையின்மீது கோடுகள் வரைந்து, கோட்டின்மேல் குழாய்களைக் கிடத்தி, அசையாதபடி மரக்கட்டைகளால் இருபுறமும் அணைத்து, பிறகு பற்றவைக்க வேண்டும். மாபெரும் எந்திரம் எதுவும் தேவையில்லை. வாள், துளைப்பான், பற்றவைப்புக் கருவி, கார் நிறுத்தும் சிறு கொட்டகை, பொறுமை ஆகியவை போதும். இவற்றுள் இறுதியானதே பலருக்குக் கிடைத்தற்கரியதாக இருந்தது.

இச்சட்டகத்தின் உயிர் முக்கோணத்தில் இருக்கிறது. ஆடுகின்ற நாற்காலிக்குத் தச்சர் மூலையில் குறுக்குக் கட்டை ஒன்றை அடிப்பதைப் பலரும் கண்டிருப்பர். நான்கு பக்கங்கள் கொண்ட சட்டம் தள்ளினால் சாயும். மூன்று பக்கங்கள் கொண்டதோ, பக்கங்களுள் ஒன்று வளைந்தாலோ நீண்டாலோ அன்றிச் சாயாது. வளைவில் விரைந்து திரும்பும் கார் முறுக்கப்படுகிறது. அம்முறுக்கைத் தாங்குபவை மூலைவிட்டமாகச் செல்லும் இக்குழாய்களே. எனவே, அவற்றுள் ஒன்றின் அளவு பிழைபட்டாலும் அது சிறு பிழையாகாது.

சாம்பியன் இவ்வடிவத்தை வெறுவெளியிலிருந்து படைக்கவில்லை. 1957இல் காலின் சாப்மன் உருவாக்கிய லோட்டஸ் செவன் என்னும் காரே அதற்கு முன்மாதிரி. அந்தக் கார் உறுப்புகளாகப் பிரிக்கப்பட்ட நிலையிலும் விற்கப்பட்டது. வாங்குவோர் வீட்டில் பொருத்திக்கொண்டால் விற்பனை வரி இல்லை. பொருத்தும் முறையை விளக்கும் குறிப்பை உடன் தரலாகாது என்று வரிவிதி தடுத்ததாம். கழற்றும் முறையைத் தரக்கூடாது என்று விதி கூறவில்லையே! ஆகவே, கழற்றுவதற்கான குறிப்பு தரப்பட்டது. வாங்கியவர் அதனைக் கடைசியிலிருந்து முதலாகப் படித்துக்கொண்டார் என்பர். அந்தச் சாப்மனும், 1948இல் தம் முதற்காரைப் பழைய ஆஸ்டின் செவன் ஒன்றிலிருந்தே கட்டியவர். ஆஸ்டின் செவன் மீது பற்றுக்கொண்டோர் 1939இல் தொடங்கிய 750 கிளப் என்னும் அமைப்பு, கைவேலை நுணுக்கங்களை உறுப்பினர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் இடமாக விளங்கியது. ஆக, சாம்பியன் பிறருக்குக் கொடுத்தது, அவர் பிறரிடம் பெற்றதன் தொடர்ச்சியே.

இனி, கொடுத்ததன்பின் நேர்ந்தது. நூலை நம்பிக் குழாய்களை வெட்டியவர்களுள் சிலர் திகைத்து நின்றனர். நூல் சொன்ன நீளத்துக்கு வெட்டிய குழாய், பொருந்த வேண்டிய இடத்தில் பொருந்தவில்லை. சில அளவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. காகிதத்தில் பிழை நேர்ந்தால் அழித்து எழுதலாம். குறைத்து வெட்டிய எஃகை நீட்ட முடியுமா? விடுமுறை நாளொன்றின் உழைப்பும் குழாய்க்குக் கொடுத்த காசும் வீணாயின.

அவ்விடத்தில் சினந்து நூலை மூடிவைத்தவரும் இருந்திருக்கலாம். ஆனால், வேறொன்றும் நடந்தது. பிழையைக் கண்டவர், இன்ன குழாய், நூல் தரும் அளவு இது, சரியான அளவு இது எனக் குறித்துப் பிறருக்குத் தெரிவித்தார். மற்றொருவர் அதனைத் தம் பட்டறையில் அளந்து சரிபார்த்தார். இவ்வாறு சேர்ந்த திருத்தங்களைக் கொண்டு முழு வரைபடங்களே புதிதாக வரையப்பட்டு, வேண்டுவோர்க்கெல்லாம் வழங்கப்பட்டன. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர்கள் பாட வேறுபாடுகளைத் தேடித் தொகுத்ததைப் போன்றதொரு பணி இது. ஓலைக்கு மாற்றாக இங்கே எஃகு, அவ்வளவே. பிழை தீர்ந்த பின்னரும் பணி நிற்கவில்லை. நெட்டையான உடல்வாகு உடையோர் தமக்கேற்ப நீளமும் அகலமும் கூட்டி வரைந்தனர். பழைய எஸ்கார்ட் கார்கள் கிடைப்பது அரிதாகியபோது, மாஸ்டா போன்ற பிற கார்களின் உறுப்புகளுக்கு ஏற்பச் சட்டகத்தை மாற்றினர். 2007இல் அதே ஹேன்ஸ் பதிப்பகம், போர்டு சியரா காரின் உறுப்புகளைக் கொண்டு கட்டும் முறையை விளக்கும் மற்றொரு நூலை, கிறிஸ் கிப்ஸ் என்பவர் எழுத வெளியிட்டது. ஒளிநகல் கடைத் தாள்களுக்காகத் தண்டம் விதிக்கப்பட்ட ஆண்டும் அதுவே.

தன் பிழை ஊரறியக் காட்டப்படுவதைத் தாங்குவது எளிதன்று. கரும்பலகையில் எழுதிய கணக்கில் தவறு இருக்கிறது என்று பின்வரிசை மாணவன் எழுந்து சொல்லும்போது, ஆசிரியர் முகத்தில் ஒரு நொடி தோன்றி மறைவது என்ன என்பது வகுப்பறையில் இருந்தவர் எல்லாரும் அறிந்ததே. அறிவைக் கொடுப்பதைவிட, கொடுத்ததில் பிறர் கைவைக்க இடந்தருவது கடினம். பிழையைக் கண்டவருக்கும் ஒரு சோதனை உண்டு. லோகாஸ்ட் என்று பெயர்பெற்ற இக்கார்களுக்கெனவே, 750 மோட்டார் கிளப் 1300 சி.சி. போர்டு எஞ்சின் கொண்ட பந்தயத் தொடர் ஒன்றையும் நடத்தியது. தாம் கண்ட திருத்தத்தைச் சொன்னால், அடுத்த பந்தயத்தில் எதிரிலும் அதே திருத்தத்தோடு கார் வந்து நிற்கும். சொல்லாவிட்டால் எவரும் கேட்கப்போவதில்லை. எல்லாரிடமும் ஒரே வரைபடம் இருக்கும் களத்தில் வெற்றியை முடிவுசெய்வது பற்றவைத்த கையும், வளைவில் தடையை மிதிக்கும் காலுமே என்று நம்பியவர்கள் சொன்னார்கள்.

எனினும், இந்நூலை இன்றைய பொருளில் திறந்த மூலம் என்று அழைத்தல் பொருந்தாது. நூலுக்குப் பதிப்புரிமை உண்டு. திருத்தியவர்கள் நல்லெண்ணத்தால் திருத்தினர், உரிமையால் அன்று. ஒன்றைக் காணத் தருவது வேறு. கண்டதை மாற்றவும், மாற்றியதைப் பரப்பவும் உரிமை தருவது வேறு. பின்னதற்கு எழுத்து வடிவில் உரிமம் வேண்டும். மென்பொருள் துறையில் வேரூன்றிய இம்முறையை, கையால் தொட்டுணரத்தக்க பொருள்களின் வடிவமைப்புக்கும் விரித்து, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகம் 2011இல் திறந்த வன்பொருள் உரிமத்தை வெளியிட்டது. 2016இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எஃப்1டென்த் என்னும் முயற்சி தோன்றியது. உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள சிறு பந்தயக் கார் அது. ஓட்டுநர் இல்லாமல், லேசர் ஒளியால் தடத்தை அளந்தறிந்து தானே ஓடுவது. கட்டும் முறை, மென்பொருள், பாடக்குறிப்புகள் என யாவும் எவரும் எடுத்தாளும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளன. பந்தய நாளில் மாணவர் குழுக்கள் ஏறத்தாழ ஒரே வகைக் காரைத் தடத்தில் இறக்குகின்றன. போட்டி, அவர்கள் எழுதிய நிரல்களுக்கு இடையில்தான்.

சிறு கார் சுவரில் மோதினால் நெகிழித் துண்டு உடையும். மனிதர் அமரும் கார் மோதினால் நிலைமை வேறு. வரைபடம் எல்லார்க்கும் பொது என்பதால், அரைகுறையாகப் பற்றவைத்த இணைப்பின் பொறுப்பும் பொதுவாகிவிடுமா? ஆகாது. பிரிட்டனில் 1998 முதல், தனியொருவர் கட்டிய காரும் அரசின் தனி ஆய்வில் தேறிய பின்னரே சாலையில் ஓடலாம் என்றாயிற்று. முனைகளின் கூர்மையும், தடையின் பிடிப்பும், இருக்கைப் பட்டை பிணைக்கப்பட்ட இடமும் அவ்வாய்வில் பார்க்கப்பட்டன. கட்டற்ற பகிர்வுக்கு இக்கட்டுப்பாடு பகை என்று முணுமுணுத்தோரும் உண்டு. அது சரியான முறையீடு அன்று.

ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு 2022இல் நடைமுறைக்கு வந்த தொழில்நுட்ப விதிகள், காரின் உறுப்புகளைப் பல வகைகளாகப் பிரித்தன. அவற்றுள் ஒரு வகைக்குத் திறந்த மூல உறுப்புகள் என்றே பெயர். அவ்வகையைச் சேர்ந்த உறுப்பை ஓர் அணி வடிவமைத்தாலோ திருத்தினாலோ, அதன் வரைபடத்தை மற்ற அணிகள் எல்லாம் காணுமாறு பொதுக் கணினியில் இட வேண்டும். செலவைக் குறைப்பதே நோக்கம். அத்தாள்களை இனி எவரும் ஒளிநகல் கடைக்குக் கொண்டுசெல்ல வேண்டியதில்லை. பிற உறுப்புகளுக்குப் பூட்டு அப்படியே இருக்கிறது. காரின் பின்புறத்தை மறைத்துப் பணியாளர்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றனர்.