பதிவேட்டில் இல்லாத பெயர்கள்



நமது சபைப் பெண்கள் ஐக்கியத்தின் பின்னல் குழுவினர் பதினான்கு பேரை நீங்கள் அறிவீர்கள். புதன்கிழமை மாலைதோறும் ஆலயத்தின் பின்னறையில் கூடி, விடியுமுன்னே ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படும் சகோதரிகளுக்குக் கம்பளிக் குல்லாய்களும், பிறந்த குழந்தைகளுக்குக் காலுறைகளும் பின்னித் தருகிறவர்கள் அவர்கள். "ஐயா, வருஷம் முழுக்க உல்லன் நூல்லயே பூப் போடுறோம். நெசப் பூவை ஒருநாள் பாத்துட்டு வரணும்" என்று அவர்கள் கேட்டதால், சென்ற வாரம் ஒரு வேனில் மூணாறுக்குச் சென்றுவந்தோம்.

போடிமெட்டு ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் "இன்னொரு ஊசி" என்று குரல் எழும்பும், சிரிப்பும் எழும்பும். கேரளச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் பனி இறங்கியது. பூப்பாறை, ஆனையிறங்கல், தேவிகுளம் வழியாக மூணாறு போய்ச் சேர்ந்தபோது பாதிப் பேர் தாங்கள் பின்னிய சால்வைகளைப் போர்த்தியிருந்தார்கள்.

அந்த மலைகளில் துரைமார் தங்கள் நாட்டுப்புறத் தோட்டங்களின் சாயலில் பாத்திகள் அமைத்தார்கள். பங்களா முற்றங்களில் ரோஜாவும் டாலியாவும் ஜெரேனியமும் வளர்ந்தன. இங்கிலாந்துப் பூக்கள் என்று நாம் நினைக்கும் இவற்றில் டாலியாவின் தாயகம் மெக்சிகோ. வீட்டுத் தொட்டிகளில் நாம் காணும் ஜெரேனியம் தென் ஆப்பிரிக்காவிலிருந்து போனது. கொத்துக்கொத்தாய்ப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா ஜப்பானுக்குரியது. புளிப்பு மண்ணில் நீலமாகவும் காரமண்ணில் இளஞ்சிவப்பாகவும் மலரும். மாட்டுப்பட்டி சாலையிலுள்ள மலர்த் தோட்டத்தில் நம் பெண்கள் அந்த நீலத்தின் முன்னே நெடுநேரம் நின்று, தங்கள் நூல்கண்டுகளை எடுத்து அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அங்கே ஒரு மரத்தடியில் நான் ஆயத்தம்செய்திருந்த தியானத்தைக் கொடுத்தேன். மத்தேயு 6ஆம் அதிகாரம்; உழைக்காமலும் நூற்காமலும் சாலொமோனைவிட அழகாய் உடுத்தப்பட்டிருக்கும் காட்டுப் புஷ்பங்கள். நான் முடிப்பதற்குள், குழுவின் மூத்த அம்மையார் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "காட்டுப் பூவுக்கு அது சரிங்கய்யா. இது தோட்டத்துப் பூ. யாரோ களை எடுக்கிறாங்க, யாரோ தண்ணி ஊத்துறாங்க." எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனாலும் அந்தச் சொல் என்னை விடவில்லை.

மதிய உணவின்போது ஜெர்ட்ரூட் ஜெக்கில் என்ற அம்மையாரைப்பற்றி அவர்களுக்குச் சொன்னேன். 1843இல் பிறந்து 1932இல் மறைந்த அவர், பூத்தையலில் தேர்ந்த கைக்காரி. பார்வை மங்கி, நுண்ணிய ஊசிவேலை செய்ய இயலாமற்போனபோது தோட்டக்கலையில் முழுமையாய் இறங்கினார். நூலில் பழகிய நிறங்களைப் பாத்திகளில் அடுக்கினார். ஏறக்குறைய 400 தோட்டங்களுக்கு அவர் திட்டம் வரைந்தார். 1920இல் ஓவியர் வில்லியம் நிக்கல்சன் அவரை வரையச் சென்றபோது, பகல் வெளிச்சத்தைத் தோட்டவேலைக்கென்றே அவர் வைத்துக்கொண்டதால், ஓவியர் காத்திருந்த நேரத்தில் அவருடைய தேய்ந்த பூட்ஸ்களை வரைந்தார். அந்தப் படம் இன்றும் லண்டனில் இருக்கிறது.

மூத்த அம்மையார் கேட்டார்: "செருப்பைக்கூடவா படம் போட்டாங்க?" அவர் தம் இளவயதில் போடிமெட்டுக்கு மேலேயுள்ள ஓர் ஏலத்தோட்டத்தில் வேலைசெய்தவர். ஏலச்செடியின் காய் தூரிலே, மண்ணை ஒட்டிக் காய்க்கும். குனிந்தும் குத்தவைத்தும்தான் பறிக்கவேண்டும். அட்டை கடிக்கும் அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நடந்த கால்கள் அவருடையவை.

பிற்பகலில் மூணாறு கிறிஸ்து ஆலயத்திற்குச் சென்றோம். அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1910இல். ஆனால் அதன் பின்புற மலைச்சரிவிலுள்ள கல்லறைத் தோட்டம் ஆலயத்தைவிட மூத்தது. தோட்ட நிர்வாகி ஹென்றி நைட்டின் இளம் மனைவி எலனோர் 1894 டிசம்பரில் காலராவினால் மரித்து அங்கே முதலாவதாக அடக்கம்செய்யப்பட்டார். ஒரு கல்லறையைச் சுற்றி ஓர் ஆலயம் பின்னால் வந்தது. நாங்கள் ஏறிச்சென்று அங்கே நின்றோம்.

நான் ஜெபிக்கத் தொடங்குமுன், அந்த அம்மையார் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இந்தப் பிள்ளைக்குக் கல்லு இருக்குங்கய்யா. எம் பிள்ளைக்கு ஒரு மரக்கட்டைய நட்டோம். அடுத்த மழையில அதுவும் போச்சு."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இருட்டுமுன் மலையிறங்கவேண்டும் என்ற கவலை. சுருக்கமாய் ஜெபித்து எல்லாரையும் வேனுக்கு அழைத்தேன். இதை நான் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அதைவிடப் பழைய ஒரு குற்றமும் எனக்கு உண்டு. நான் இச்சபைக்கு வந்த முதல் வருடம் இதே அம்மையார் என்னிடம் வந்து, கல்லறைத் திருநாளில் வாசிக்கும் பட்டியலில் தம் தலைப்பிள்ளையின் பெயரைச் சேர்க்கமுடியுமா என்று கேட்டார். ஆடி மழையில், லயத்தில், நாற்பது நாள் குழந்தையாய்க் காய்ச்சலில் இறந்த ஆண்பிள்ளை. ஞானஸ்நானம் பெறவில்லை. "அடக்கப் பதிவேட்டில் உள்ள பெயர்களைத்தான் வாசிக்கிறோம், அம்மா" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். ஞானஸ்நானம் பெறாத சிசுக்களின் நிலைகுறித்து இறையியல் கல்லூரியில் நாங்கள் இரவெல்லாம் விவாதித்ததுண்டு. அந்தக் கல்வி முழுவதும் என்னிடம் இருந்தும், அந்தப் பிள்ளையின் பெயர் என்னவென்று நான் கேட்கவில்லை.

திரும்பும் வழியில், என் முன்னிருக்கையில் புதிதாய்ப் பின்னக் கற்கும் தங்கை ஒருத்தி திடுக்கிட்டாள். அவள் பின்னிய குல்லாயில் பத்து வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி நழுவியிருந்தது. அதற்கு மேலே ஏணிபோல் நூல் பிரிந்து நின்றது. "எல்லாத்தையும் பிரிச்சிடவா?" என்றாள். மூத்த அம்மையார் அதை வாங்கிக் குரோஷா ஊசியைக் கீழே இறக்கி, நழுவிய கண்ணியைப் பிடித்து, ஒவ்வொரு வரிசையாய் மேலே ஏற்றினார். வேன் வளைவுகளில் ஆடியது. பூப்பாறை வருமுன் அந்தக் கண்ணி மற்றவற்றோடு ஊசியில் நின்றது. "விட்டா கிழிஞ்சுக்கிட்டே போகும். போய் எடுத்துட்டா ஒண்ணுமில்ல" என்றார்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனைப்பற்றி நான் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன்! போடிமெட்டில் தேநீருக்காக வேன் நின்றபோது நான் அவரிடம் சென்று, "அம்மா, என்னை மன்னியுங்கள். உங்கள் பிள்ளையின் பெயர் என்ன?" என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பனியில் மறைந்திருந்த மலையின் பக்கம் திரும்பி அந்தப் பெயரைச் சொன்னார். கணவர் இறந்தபின் அதை வாய்விட்டுச் சொல்வது இதுவே முதல்முறை என்றும் சொன்னார்.

பிரியமானவர்களே, யோவான் 20ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வாசியுங்கள். அங்கேயும் ஒரு தோட்டம், ஒரு கல்லறை, அழுகிற ஒரு பெண். உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்ட மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினாள். அதை அவளது தவறென்றே நான் இதுவரை பிரசங்கித்திருக்கிறேன். இன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு செடியையும் அறிந்து, குனிந்து, களையெடுத்து, மண்ணைத் தொடுகிறவர்தானே நம் ஆண்டவர்! அவள் அவரை அடையாளம் கண்டது, அவர் அவளைப் பெயர்சொல்லி அழைத்தபோதுதான். நம்முடைய பதிவேட்டில் விடுபட்ட பெயர்கள் அவருடைய உள்ளங்கைகளில் இருக்கின்றன என்று நாம் விசுவாசிக்கிறோம். அப்படியானால், அவருடைய சபையும் அவற்றைக் கேட்டறிய வேண்டாமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் நவம்பர் 2, கல்லறைத் திருநாள் ஆராதனையில் பதிவேட்டிலுள்ள பெயர்களோடு, அதில் இல்லாதவர்களின் பெயர்களையும் வாசிப்போம். தோட்டங்களில் மரித்தவர்கள், கல் இல்லாதவர்கள், ஞானஸ்நானத்திற்குமுன் போன பிள்ளைகள், பெயரிடப்படாமலே போனவர்கள் யாராயினும் சரி. ஆலய வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் சொல்லுங்கள், நானே எழுதுகிறேன். முதல் பக்கத்தில் ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அதை நான் இங்கே எழுதவில்லை. தாயின் முன்னிலையில், ஆலயத்தில் வாசிக்கப்படுவதற்காக அது காத்திருக்கிறது.

ஜெபம்: எங்களைப் பெயர்சொல்லி அழைக்கிற ஆண்டவரே, நாங்கள் கேட்கத் தவறிய பெயர்களை எங்களுக்கு மன்னியும். கேட்கும் செவியையும் காத்திருக்கும் பொறுமையையும் தாரும். ஆமென்.

உங்கள் ஊழியத்தில்,
சபைப் போதகர்