நத்தையைத் தின்னும் நத்தை

மீன்தொட்டிக்கு நத்தையை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. நீர்ச்செடியின் இலையடியில், ஒரு துளிப் பசைபோல ஒட்டிய முட்டையாக அது வந்து சேர்கிறது. தொட்டி நத்தைகளிற் பல இருபாலுயிர்கள். தனித்து வந்த ஒன்றே பெருகிவிடக்கூடும். மணலுக்குள் புதைந்து வாழும் மலேசிய நத்தையோ ஆண்துணையின்றியே குஞ்சு ஈனும்.

எங்களூரில் ஒரு ராத்தா, கணவர் மௌத்தானதன் பின் வளவுக்குள் சீமெந்துத் தொட்டிகள் கட்டி, கப்பி மீனும் நீர்ச்செடியும் வளர்த்து விற்கிறார். நத்தை முட்டை ஒட்டிய செடியை வியாபாரி எடுக்கமாட்டார். அதுதான் அவரது கவலை.

"மயில்துத்தம் போட்டாச் சரியாகுமாம், மெய்யா மாஸ்டர்?" என்று கேட்டார்.

செம்பு நத்தையைக் கொல்லும். அளவு மிஞ்சினால் மீனையும் கொல்லும். செத்த நத்தைகள் அழுகி நீரையும் கெடுக்கும். எனவே, நத்தையைத் தின்னும் உயிர்களைப் பற்றிப் பேசினோம். கேரளத்து ஆறுகளின் குள்ளப் பேத்தை ஓர் அங்குலம்தான். ஆனால் கப்பியின் வாலைக் கடித்துக் குதறிவிடும். சுமாத்திரா, போர்னியோ தீவுகளின் குளோன் லோச் வளர்ந்தால் ஓரடியளவாகும். எஞ்சியது, மஞ்சளும் கபிலமும் வரிவரியாக அமைந்த, தென்கிழக்காசியாவின் அசாசின் நத்தை. மணலுக்குள் காத்திருந்து மற்ற நத்தைகளைத் தின்னும், வளர்ந்த மீன்களைத் தொந்தரவு செய்யாது, மெதுவாகவே பெருகும்.

ராத்தாவின் மகன் என் மாணவன். "பத்து வாங்கி விடுவம் சேர்" என்றான்.

அந்தத் தொட்டிகளில் நிரம்பி வழியும் நீர் வாய்க்கால் வழியே எங்கள் குளத்துக்குத்தான் போகிறது. அதனால் அவனுக்குத் தாஹிட்டியின் கதையைச் சொன்னேன். 1967இல் உணவுக்கெனக் கொண்டுவந்த ஆபிரிக்கப் பெருநத்தை அங்கு பயிர்களைத் தின்றது. அதை ஒழிக்க 1974இல் ஓர் ஊனுண்ணி நத்தையை விட்டார்கள். 1977இல் அயல்தீவான மூரியாவிலும் விட்டார்கள். அது பெருநத்தையை ஒழிக்கவில்லை; மரங்களில் வாழ்ந்த பார்துலா என்னும் சிறு நத்தைகளைத் தின்றது. 1980களின் முடிவுக்குள் மூரியாவின் காடுகளில் அவை ஏறக்குறைய இல்லாமற் போயின. மிருகக்காட்சிச்சாலைகளில் காத்துவைத்தவற்றின் வழித்தோன்றல்களை 2015 முதல் மீண்டும் காட்டில் விட்டு வருகிறார்கள்.

அசாசின் எங்கள் குளத்தில் என்ன செய்யுமென்று எனக்கோ அவனுக்கோ சொல்லத் தெரியாது. தெரியாத ஒன்றை ஊரார் குளத்தில் விட நமக்கு என்ன உரிமை? சூரா அர்ரஹ்மானில் மீஸானைப் பற்றி ஓதுபவர்கள் நாங்கள்.

"அப்ப எங்கட செடிய ஆரு வாங்குவா?" என்றான். நியாயமான கேள்வி.

நத்தை பெருகுவது மிஞ்சிய தீனியால். தின்னும் உயிரை விட்டாலும் அந்த மிச்சம் அங்கேதான் கிடக்கும். ஆகவே, மீன்கள் ஓரிரு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவுக்குத் தீனியைக் குறைத்தோம். இரவில் வெள்ளரித் துண்டொன்றைத் தொட்டிக்குள் இறக்கிவைத்து, சுபஹுக்குப் பிறகு அதில் மொய்த்த நத்தைகளோடு எடுத்தோம். விற்கும் செடிகளைத் தனி வாளியில் வைத்து, இலையிலை‌யாகப் பார்த்து முட்டைகளைச் சுரண்டினோம். எடுத்த நத்தைகளுக்கு இரைகொல்லி தேடி அலையவேண்டியிருக்கவில்லை. பக்கத்து வளவுத் தாராக்கள் ஓடு சகிதம் விழுங்கின.

நத்தை அடியோடு ஒழியவில்லை, குறைந்தது. வியாபாரி செடிகளைப் புரட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறார், ஆனால் எடுக்கிறார். மகன் காலைதோறும் வெள்ளரித் துண்டில் வந்த நத்தைகளை எண்ணிக் கொப்பியில் எழுதுகிறான். அந்தக் கொப்பியை வைத்துத்தான் இம்முறை வகுப்பில் உணவுச் சங்கிலி படிப்பித்தேன்.